ரெண்டு ஆஸ்

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவர் போனை எட்டிப் பாக்குறது அசிங்கம்தான். ஆனா கையில ரெண்டு ராணியை வச்சுக்கிட்டு நீங்க சும்மா தட்டிட்டே போறதப் பாத்துட்டு என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. ஏத்துங்க தம்பி, பந்தயத்தை ஏத்துங்க. நல்ல சீட்டு வந்தா ஏத்தணும். ஏத்துங்கன்னா... பாத்தீங்களா, போச்சு. அஞ்சையும் எட்டையும் வச்சிருந்தவன் உள்ள வந்தான், நடுவுல அஞ்சும் எட்டும் விழுந்துச்சு, அள்ளிட்டுப் போயிட்டான். அவனை உள்ள விட்டது யாரு? நீங்கதான். அவனைப் பயமுறுத்தித் துரத்தியிருக்க வேண்டாமா?

காசு வச்சா ஆடுதீங்க? இல்லையா, சும்மா புள்ளிக்கா. அப்ப சரி. ஆடுங்க.

என் பேரு ஜெரால்டு மச்சாது. தூத்துக்குடிதான். முப்பத்தியோரு வருசம் கப்பல்ல சமையல்காரன். இந்த போக்கர் ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பிலிப்பைன்ஸ்காரன். ஆளுக்கு ரெண்டு சீட்டு, மூடி வச்சுக்கணும். நடுவுல அஞ்சு சீட்டு, திறந்து வைப்பாக. முதல்ல மூணு, பிறகு ஒண்ணு, பிறகு ஒண்ணு. ஒவ்வொரு வாட்டியும் பந்தயம். உங்களுக்குத் தெரியாததா, நீங்கதான் ஆடுதீங்களே. இதுல முதல் ரெண்டு சீட்டுதான் உசுரு. ரெண்டு ஆஸ், ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, இதெல்லாம் தினம் வராது. வந்தா வேஷம் போடக் கூடாது. ஒண்ணும் இல்லாதவன் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுப் பதுங்குறது, நடுவுல என்ன விழுதுன்னு பாத்துக்கிட்டு இருக்குறது, அதெல்லாம் கெட்ட ஆட்டம். முதல் சுத்துலயே ஏத்து. நிக்கிறவன் நிக்கட்டும், போறவன் போகட்டும். அந்தப் பிலிப்பைன்ஸ்காரன் இன்னொண்ணும் சொன்னான். நடுவுல சீட்டு விழுந்த பிறகு உன் கை கீழ இருக்குன்னு தெரிஞ்சா, ஆஸா இருந்தாலும் போட்டுட்டு எந்திரின்னான். அது எனக்குப் பிடிக்கல. ரெண்டு ஆஸை எவனாவது கீழ போடுவானா? நீங்க போடுவீங்களா?

போட மாட்டீங்கல்லா. மனுசன்னா போட மாட்டான்.

நான் இப்ப எங்க போயிட்டு வாரேன் தெரியுமா? பெரியதாழை. போக்கர் ஆடத் தெரியாத ஒருத்தனப் பாத்துட்டு வாரேன். நல்ல சீட்டை எப்படி ஆடணும்னு தெரியாத மடையன். அவன் பேரு தனிஸ்லாஸ். நாங்க தனிசுன்னு கூப்பிடுவோம். அவனும் நானும் கடைசியா ஒரே கப்பல்ல இருந்தோம். அவன் இஞ்சின் ரூம்ல மெசினுக்கு எண்ணெய் போடுற ஆயிலர். முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசு இருக்கும்.

அந்தக் கப்பலைப் பத்திச் சொல்லுதேன் கேளுங்க தம்பி. வளைகுடாவுல ஒரு துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னோம். முதலாளி கையை விரிச்சுட்டான். சரக்கு இல்ல, டீசல் இல்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, எட்டு மாசம். குடிக்கிற தண்ணி துருப்பிடிச்சு டீ மாதிரி வரும். அரிசியில வண்டு. நான் சமையல்காரன், வண்டைப் பொறுக்கிப் பொறுக்கியே என் கண்ணு போச்சு. கரப்பான் பூச்சி காதுக்குள்ள போயிரும்னு பஞ்சு அடைச்சுக்கிட்டுப் படுப்போம். கரை கண்ணுக்குத் தெரியும். கட்டடம் தெரியும், கார் போறது தெரியும். போக முடியாது. கப்பலை ஆளில்லாம விடக் கூடாதாம், இத்தனை பேர் இருந்தே ஆகணும்னு சட்டமாம்.

எட்டாவது மாசம் கப்பல் ஏஜென்ட் படகுல வந்தான். ஒரே ஒரு ஆளை ஊருக்கு அனுப்ப அனுமதி கிடைச்சிருக்கு, நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன்னான். அடுத்தது எப்பன்னு கேட்டோம். தெரியாதுன்னுட்டான்.

யாரு போறது? கேப்டன் ஒரு வங்காளி, நல்ல மனுசன்தான், ஆனா முடிவெடுக்கத் தெரியாது. என்னையும் தனிசையும் கூப்பிட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும்தான் ஊர்ல அவசரம், நீங்களே பேசி முடிச்சுக்கோங்கன்னுட்டாரு.

எனக்கு என்ன அவசரம்னா, பன்னெண்டு நாள்ல என் மக ஸ்டெபிக்குக் கல்யாணம். ஒரே மக. அவ அம்மா போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு. தாயில்லாத பிள்ளை, தகப்பனும் இல்லாம கோயில்ல போய் நிப்பாளா? யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா? அவனுக்கு என்ன அவசரம்னா, அவன் அப்பா நாகர்கோவில்ல ஆஸ்பத்திரியில கிடந்தாரு. கிட்னி ரெண்டும் போச்சு. பழைய கட்டுமரக்காரர். வயசு எழுவத்தி நாலு.

எழுவத்தி நாலு தம்பி. அதையும் பாக்கணும்லா.

ஆனா கப்பல்ல இருந்தவங்க மூஞ்சியைப் பாக்கணுமே! ஒருத்தன் கூட வாயைத் திறந்து, மச்சாது நீ போன்னு சொல்லல. எல்லாரும் தனிசு பக்கம். எங்க போசன் சதானந்தன், கொல்லத்துக்காரன், டெக்குல வேலை பாக்குற ஆளுங்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி. அவன் எங்கிட்ட வந்து, கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், சாவைத் தள்ளி வைக்க முடியாதுல்லன்னான். எட்டு மாசம் என் கையால சாப்பிட்டவன். வண்டு பொறுக்கின சோறு. தூ!

நான் சண்டை போடல. நேரா தனிசுகிட்டப் போனேன். "தனிசு, யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டாம். சீட்டு போடுவோம். நியாயமா ஆடுவோம். ஜெயிச்சவன் போகட்டும்"னேன்.

அவன் "சரிண்ணே"ன்னான்.

நான் அவனைவிட நல்லா ஆடுவேன்னு எனக்குத் தெரியும். அது என் தப்பா? அவனும்தான் எட்டு மாசமா எங்க கூட ஆடுறான். வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் மெஸ்ல உக்காந்தோம். எல்லாரும் சுத்தி நிக்காங்க. சீட்டு போடுறது போசன். பந்தயத்துக்குக் கொண்டைக்கடலை, ஆளுக்கு நூறு. என் கிச்சன்ல இருந்த கடைசிக் கடலை அதுதான். கையில எல்லாம் போனவன் தோத்தவன்.

ஆடும்போது நான் பேசுவேன். பேச்சும் ஆட்டத்துல ஒரு பகுதிதான் தம்பி, எதிராளிக்குக் கவனம் கலையணும்லா. மகளைப் பத்திப் பேசினேன். அவ அம்மா போன அன்னைக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் விடாம அத்தனை பேருக்கும் காப்பி போட்டா, அதைச் சொன்னேன். "வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்ப்பா"ன்னு வாட்ஸப்ல அனுப்பியிருந்தா, அதைச் சொன்னேன். தனிசு எப்பவுமே ஊமை.

ஒண்ணரை மணி நேரம் போச்சு. என்கிட்ட கடலை கூட, அவன்கிட்ட கொறைச்சல். அப்ப எனக்கு வந்துச்சு தம்பி. மெல்ல நுனியைத் தூக்கிப் பாத்தேன். கிளாவர் ஆஸ். அடுத்தது ஆட்டின் ஆஸ்.

நான் பதுங்கல. கை நிறைய அள்ளி நடுவுல வச்சேன். தனிசு அவன் சீட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான். அவனும் அதே அளவு வச்சான். போசன் மூணு சீட்டைத் திறந்தான். ராஜா, ஏழு, ரெண்டு. எனக்கு என்ன கவலை? மறுபடியும் வச்சேன். அவனும் வச்சான். நாலாவது சீட்டு ஒம்பது. மறுபடியும் வச்சேன். அவனும் வச்சான். கடைசிச் சீட்டு நாலு. அவ்வளவுதான், இனி சீட்டு இல்ல. அவன்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு பத்து கடலை. நடுவுல மலை மாதிரி குமிஞ்சு கிடக்கு. நான் அந்தப் பத்துக்கும் ஈடா என் கடலையைத் தள்ளிவிட்டேன்.

அவன் கடலையில கையை வச்சான். கையை எடுத்தான். பிறகு சீட்டு ரெண்டையும் குப்புறப் போட்டு போசன் பக்கம் தள்ளினான். "நீங்க எடுத்துக்கோங்கண்ணே"ன்னான்.

அடுத்த கை, அவன் சீட்டை எடுத்தே பாக்கல. மிச்சம் பத்தையும் நடுவுல தள்ளினான். போச்சு. எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். நல்லபடியா போயிட்டு வாங்கன்னான். மறுநாள் காலையில என் பெட்டியைப் படகுல இறக்கிவிட்டதும் அவன்தான்.

மத்தவன் ஒருத்தனும் கையாட்டல. அதையும் நான் மறக்கல.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். நாலு நாள் கழிச்சு தனிசு அப்பா செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. வருத்தமாத்தான் இருந்துச்சு. யாருக்கு இருக்காது? அவன் கப்பல்ல நின்னு போன்ல அடக்கத்தைப் பாத்தானாம். பாதியில சிக்னல் போயிருச்சாம். அஞ்சு மாசம் கழிச்சுத்தான் மிச்ச பேரையெல்லாம் இறக்கினாங்க.

இதோட முடிஞ்சிருக்கும். முடிய விட்டானா அந்தப் போசன்? ஊருக்கு வந்த கையோட எனக்கு போன் போட்டான். சௌக்கியம்லாம் கேட்டான். பிறகு, "மச்சாது, அன்னைக்கு அவன் கீழ போட்டது என்ன சீட்டு தெரியுமா?"ன்னான்.

"என்ன சீட்டு, ஒண்ணும் இல்லாத சீட்டு"ன்னேன்.

"ரெண்டு ராஜா. சீட்டை அடுக்கும்போது நான் பாத்துட்டேன். நடுவுல ஒரு ராஜா. மூணு ராஜா மச்சாது, ரெண்டு ஆஸை அடிச்சிரும். உன் ஆஸ் செத்து அரை மணி நேரம் ஆச்சு. அவன் என் கண்ணைப் பாத்து, சொல்ல வேண்டாம்னு தலையை ஆட்டினான், அதான் பேசாம இருந்தேன்."

நான் சிரிச்சேன். நம்பல. அவன் விடல. "பத்து கடலைக்காக அத்தனையையும் விட்டுட்டு எவனாவது எந்திரிப்பானா? கையில குப்பை இருந்தாலும் வச்சுப் பாப்பான்ல. உனக்கு அது தெரியாதா? நான் உன் முகத்தைப் பாத்தேன். உனக்குத் தெரிஞ்சது"ன்னான்.

பொய் தம்பி. சத்தியமா பொய். எனக்கு அப்ப எதுவும் உறைக்கல. ஏன் உறைக்கணும்? நான் என் சீட்டைப் பாப்பேனா, அவன் சீட்டைப் பாப்பேனா? போனை வச்சுட்டேன்.

ஆனா அதுக்குப் பிறகு மருமகன் வீட்டுக்குப் போனா, "வாங்க மாமா"ன்னு நாற்காலியை இழுத்துப் போடுவாரு. அதுல உக்கார முடியல. ஏதோ எச்சில் இலையில உக்கார வச்ச மாதிரி இருக்கு. நான் ஜெயிச்சுல்லா வந்தேன்! நியாயமா ஆடி ஜெயிச்சேன். எனக்கு இரக்கப்பட இவன் யாரு? கேட்டேனா? அவங்கிட்ட நான் கை நீட்டிக் கேட்டேனா? மூணு ராஜாவை வச்சுக்கிட்டுக் கீழ போடுறதுக்குப் பேரு ஆட்டமா? அது எதிராளியை அவமானப்படுத்துறது.

மூணு மாசம் மனசுல வச்சுக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டேன். நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துரணும்னு.

அவன் இப்பக் கப்பலுக்குப் போறதில்ல. வீட்டுக்கு முன்னாடி வேப்பமரத்துல படகு மோட்டாரைக் கட்டித் தொங்கவிட்டு ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் பல்லைக் காட்டிச் சிரிச்சான். "அண்ணே! வாங்கண்ணே. சொல்லாம வந்திருக்கீக"ன்னான்.

நான் உக்காரவே இல்ல. "ஏலே, ரெண்டு ராஜா வச்சிருந்தியாமே"ன்னேன்.

அவன் சிரிப்பு நின்னுருச்சு. வேஸ்ட் துணியில கையைத் துடைச்சான். "போசன் சொன்னாரா? அவருக்கு வாய் சும்மா இருக்காது."

"ஏன்லே கீழ போட்ட?"

"விடுங்கண்ணே. பழைய கதை."

"ஏன்லே போட்ட? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்."

அவன் மோட்டாரைப் பாத்துக்கிட்டே சொன்னான். "ஆட்டத்துக்கு முந்தின நாள் என் தம்பி போன் பண்ணியிருந்தாண்ணே. அப்பாவுக்கு ஆளு அடையாளம் தெரியல, யாரப் பாத்தாலும் யாரு யாருன்னு கேக்காருன்னான். எனக்கு ராஜா விழுந்ததும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. நீங்க உங்க மக வாசல்ல நிக்கிறதச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. கடைசியில கடலையைத் தள்ளப் போனேன். அப்பாவுக்கு என்னைத் தெரியாது, உங்க மகளுக்கு உங்களைத் தெரியும்லான்னு தோணுச்சு. அவ்வளவுதான். இந்த மோட்டாரைக் கொஞ்சம் பிடிங்க, இந்த நட்டு சுத்துது."

நான் பிடிச்சேன் தம்பி. திட்டப் போனவன், அவன் மோட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். கையெல்லாம் கிரீஸ். இந்தா பாருங்க, நகத்துக்குள்ள இன்னும் இருக்கு.

அப்ப அவன் அம்மா வெளிய வந்தாக. இவரு மச்சாது அண்ணன்னு அவன் சொன்னதும், அந்தம்மா, "கல்யாணத்துக்குன்னு கப்பல்லருந்து வந்தவுகளா? மக நல்லாருக்காளா?"ன்னு கேட்டாக. அப்போ வீட்ல எல்லாம் தெரிஞ்சிருக்கு. விடாம உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, சோறு போட்டு, ஊளி மீன் குழம்பு ஊத்தினாக. அந்தம்மா என்னைத் திட்டணும்லா தம்பி? ஒரு வார்த்தை? "உன்னாலதான் என் மவன் அப்பன் முகத்தைப் பாக்கல"ன்னு ஒரு வார்த்தை? அப்படிச் சொல்லியிருந்தா நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். எங்கிட்டப் பதில் இருந்துச்சு.

அந்தம்மா விசிறிக்கிட்டே சும்மா பேசிக்கிட்டு இருந்தாக. "கடைசி ரெண்டு நாள் இவன் அப்பா நல்லாத் தெளிவா ஆயிட்டாருங்க. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. தனிசு எங்க, கரைக்கு வந்துட்டானான்னு கேட்டாரு. வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லி வச்சோம்."

தனிசு தட்டுல இருந்த முள்ளை எடுத்து ஓரமா வச்சுக்கிட்டு இருந்தான். தலையைத் தூக்கல.

என்ன மனுசங்க தம்பி இவங்க? இப்படியுமா இருப்பாங்க? எனக்கு அப்படியே எந்திரிச்சு ஓடிரலாம்போல இருந்துச்சு. கையைக் கழுவிட்டு வாரேன்னு கிளம்பினேன். அந்தம்மா விடல. "கல்யாணப் படம் வச்சிருக்கீகளா? பாப்போமே"ன்னாக.

போன்ல இருந்துச்சு. கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசப்படி வெளிச்சத்துல உக்காந்தாக. தனிசு பின்னால குனிஞ்சு நின்னான். ஒரு படத்தையும் விடல தம்பி. ஒவ்வொண்ணா, மெதுவா. ஸ்டெபி சேலை என்ன பட்டுன்னு கேட்டாக. மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டாக. நான் அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற படம் வந்துச்சு. அதை ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தாக. "அப்பன் முகத்தைப் பாத்துச் சிரிக்கா பாரு"ன்னு அவன்கிட்டக் காமிச்சாக. அவனும் பாத்தான். "ஆமாம்மா"ன்னான்.

அடுத்த படம், சாப்பாட்டுப் பந்தியில எடுத்தது. நான் நடுவுல நிக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சுத்தி உக்காந்து வயித்தைப் பிடிச்சுச் சிரிக்காங்க. நான் ரெண்டு விரலைத் தூக்கிக் காமிச்சுக்கிட்டு வாயைத் திறந்து ஏதோ சொல்லுதேன். எட்டு மாசம் மாட்டிக்கிட்டவர் எப்படி வந்தீகன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா கேட்டாரு. அந்தக் கதையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எதிர்ல உக்காந்திருந்தவன் ஒரு மடையன், என் கையில ரெண்டு ஆஸ்னு...

அந்தம்மா கேட்டாக. "இதுல விரலைத் தூக்கி என்ன சொல்லுதீக? எல்லாரும் இப்படிச் சிரிக்காக?"

தனிசு அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. என் விரலைப் பாத்தான், சுத்தி இருந்தவங்க சிரிக்கிறதப் பாத்தான். பிறகு அம்மாகிட்டச் சொன்னான்.

"பிரியாணிக்கு எத்தனை ஆடுன்னு கேட்டிருப்பாகம்மா. ரெண்டுன்னு சொல்லுதாரு."

"ரெண்டு ஆடா!"ன்னு அந்தம்மா என்னை நிமிர்ந்து பாத்தாக. "நல்லாச் செஞ்சிருக்கீக."

நானும், "ஆமாம்மா, ரெண்டு"ன்னு சொன்னேன்.